தோம்பைத் துப்புரவு செய்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கப் போகிறவரிடம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல, தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்த்தாயிற்றா என்பதைத்தான். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்குடாநாட்டின் நிலமும் மனிதரும் ஏதோவொரு பதிவேட்டில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றனர். ஏற்றியவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இறக்கியது யார், எந்த நியாயத்தில் இறக்கினார்கள் என்பது குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. பதிவேடு என்று ஒன்று இருந்தால் அது பெருகத்தான் செய்யும். இறந்தவர் பெயர், விற்றுப்போன வளவு, நான்காய் எட்டாய்ப் பிரிந்த பங்கு, ஊரைவிட்டுப் போனவரின் தோட்டம் என்று எல்லாம் அதில் சேரும். ஒருநாள் அதைத் துப்புரவு செய்தே ஆக வேண்டும். கூப்பிட்டும் பதில் வராத பதிவைச் செத்த பதிவாகக் கொள்ளலாமா என்ற கேள்வி அப்போது எழும். பேச வசதியிருந்தும் பேசாதவரின் மௌனத்தைக் கணக்கிலெடுக்கலாம், பேச முடியாதபடி வைக்கப்பட்டவரின் மௌனத்தைக் கணக்கிலெடுக்கக் கூடாது என்பதே யாழ்ப்பாணத்துப் பதிவேடுகளின் வரலாறு நமக்குத் தரும் விடை என்று நான் கருதுகிறேன்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊர் ஊராக வருமானக் கணக்கு எழுதினார்கள். 1645இல் அவர்கள் தொகுத்த யாழ்ப்பாண இறைக்கணக்கு வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் முதன்மைச் சான்று. 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அதே வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற பிரிவுகளின்படி நிலத் தோம்பு ஒன்றும் தலைத் தோம்பு ஒன்றுமாக எழுதினார்கள். முன்னது காணிக்கும் அதன் வரிக்கும் உரியது. பின்னது மனிதருக்கு, அதாவது தலைவரிக்கும் ஊழியத்துக்கும் உரியது. இறந்தவர் பெயரை நீக்காவிட்டால் அவருடைய பிள்ளைகள் இல்லாத தலைக்கு வரி கட்டுவார்கள். வன்னிக்கு ஓடிப்போனவர் பெயரை நீக்கிவிட்டால் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு வருமானம் போகும். ஆகவே தோம்பைத் திருத்துவது ஆட்சியாளருக்கு ஓயாத வேலையாயிற்று. 1697இல் கொமாண்டர் ஹென்றிக் ஸ்வார்தெகுரோன் தமக்குப் பின் வருவோருக்கு விட்டுச் சென்ற குறிப்பிலேயே நிலக் கணக்கும் வரிக் கணக்கும் பெரிய இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஏட்டை எழுதியவர்கள் உள்ளூரவர். முதலிமாரும் கணக்கர்களும் பெரும்பாலும் வேளாளர், மடப்பளியார் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இவ்விரு பகுதியினருக்கும் இடையே பதவிக்காக நடந்த இழுபறியை ஒல்லாந்தரின் ஆவணங்களே சொல்கின்றன. எழுத்தாணி யார் கையில் இருந்ததோ அவருக்கு எந்தப் பெயரை விடலாம், எந்தப் பெயரை வெட்டலாம் என்பதில் ஒரு பிடி இருந்தது. தோம்பை நடுநிலையான சாட்சியாக நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அக்காலத்தில் இன்னொரு தோம்பும் இருந்தது. கோயிற்பற்றுத்தோறும் ஒரு தேவாலயமும் அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் நின்றன. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஞானஸ்நானம், விவாகம், மரணம் மூன்றையும் எழுதிவந்தார். ஒல்லாந்த ஆட்சியில் பதவிக்கும் விவாகத்தின் செல்லுபடிக்கும் அதன் வழி வரும் முதுசொத்துக்கும் இந்த ஏடு தேவைப்பட்டது. எனவே வீட்டில் திருநீறு பூசிய குடும்பங்கள் ஏட்டில் கிறிஸ்தவர்களாக நின்றன. 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் மக்கள் தேவாலயங்களைக் கைவிட்டுக் கோயில்களுக்குத் திரும்பினர். கண்டிப்பான துப்புரவுக்காரர் ஒருவர் அந்த ஏட்டைக் கையில் எடுத்திருந்தால், இதிலுள்ள பெயர்களில் பெரும்பகுதி பொய் என்று முழுவதையும் கிழித்திருப்பார். மதத்தைப் பற்றிய குறிப்பு பொய்தான். ஆனால் அதே வரியில் ஒருவர் எந்த ஆண்டு பிறந்தார், யாருடைய மகள், யாரை மணந்தார் என்பனவும் எழுதப்பட்டிருந்தன. சீதனக் காணி யாருக்குச் சேர வேண்டும் என்ற வழக்கில் அவைதான் சான்று. ஒரு பதிவில் ஒரு பகுதி பிழை என்பதால் முழுப் பதிவும் கழிவு ஆகிவிடாது. பிழையான வரிக்குள் சரியான செய்தி புதைந்திருப்பது பதிவேடுகளின் உலகில் மிகச் சாதாரணம்.

ஒல்லாந்தர் காலத்து ஏற்பாடுகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1706இல் ஆளுநர் கோர்னெலிஸ் யோன் சீமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழமைகளைத் திரட்டி எழுதினார். 1707இல் அது தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தேசவழமையாக நிலைபெற்றது. காணி விற்பனையைப் பற்றிய பகுதியில், 1694இல் இறந்த கொமாண்டர் புளூம் கொண்டுவந்த ஒரு விதி சொல்லப்படுகிறது. விற்க விரும்புகிறவர் தம் எண்ணத்தை அவ்வூர்த் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டும். பங்காளிகளும் ஏனைய முன்னுரிமைக்காரரும் அந்த இடைவெளியில் வந்து தம் உரிமையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உறுதி எழுதலாம். ஆட்சியாளரின் மதத்தோடு பிணைந்த குறை இதில் இருந்தது. ஆனால் அடிப்படை எண்ணம் நேர்மையானது. உரிமை உள்ளவர் காது கேட்கும் தூரத்தில் இருப்பார், காணி அதே ஊரில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடும் இடத்தில் செய்தி வாசிக்கப்படுகிறது. அப்படியிருந்தும் வாய் திறக்காதவரைப் பிறகு வந்து கேட்காதே என்று சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அறிவித்தல் போய்ச் சேரும் தூரமும் உரிமையாளர் இருக்கும் தூரமும் பொருந்தி வந்ததனால் வந்த நியாயம் அது.

ஆங்கிலேயர் வேறு வழியில் போனார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் நடக்க வேண்டும் என்றது. 1863இல் காணிப் பதிவுக்கான சட்டம் வந்தது. பின்னர் வந்த 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இந்த முறையில் பதிவாவது உறுதியே தவிர உரிமை அல்ல. ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம் உண்டு. புதிய உறுதி வரும்போது அது கீழே சேரும், பக்கம் நிறைந்தால் அடுத்த தொகுதிக்குக் கொண்டு போகப்படும். பழைய வரியை யாரும் அழிப்பதில்லை. யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றின் அட்டவணையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இதன் பெறுமதி தெரியும். முதலில் மாவட்டம், பிறகு கோயிற்பற்று, ஊர். பிறகு காணிக்கென்றே உள்ள பெயர். எத்தனை பரப்பு, எத்தனை குழி என்ற அளவு (16 பரப்பு ஓர் ஏக்கர்). நான்கு எல்லைகள், ஒவ்வொன்றிலும் அயல்காணிக்காரர் பெயர் அல்லது ஒழுங்கை. அதற்குள் அடங்கிய வீடு, பனை, வடலி, பயன்தரு மரங்கள், பொதுக்கிணற்றில் பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போய்வரும் வழி வாய்க்கால் உரிமை. முழுவதிலும் பிரிபடாத இத்தனையில் ஒரு பங்கு. ஒல்லாந்தரின் கோயிற்பற்றுப் பிரிவு அவர்களின் தேவாலயங்கள் இடிந்த பிறகும் இந்தக் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. எல்லையில் குறித்த அயலவர் எப்போதோ இறந்திருப்பார். அந்தப் பெயரை வைத்துத்தான் மூன்று உறுதிக்கு முன்பு காணி யாரிடம் இருந்தது என்று நொத்தாரிசு பின்னோக்கிப் போகிறார்.

உறுதிகளை இப்படி அடுக்கிவைத்த முறை வழக்குகளை வளர்த்ததே ஒழிய வேறெதையும் செய்யவில்லை என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சீதனம், முதுசொம், தேடியதேட்டம் என்ற மூன்று வழியிலும் சொத்து பிரிந்து பிரிந்து, ஒரு பரப்புக் காணிக்கு இருபது பங்காளிகள் சேர்வது யாழ்ப்பாணத்தில் புதுமையல்ல. ஒரே காணியை இருவருக்கு விற்பவர்கள் இந்த முறையின் ஓட்டைகளில்தான் புகுந்து வருகிறார்கள். பங்குபிரிப்பு வழக்குத் தொடுத்தவர் தீர்ப்பைப் பார்க்காமலே கண்மூடுவதும் உண்டு. இதற்கு மருந்தாகத்தான் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. உறுதிச் சங்கிலியை விட்டுவிட்டு, காணிக்கு ஒரே உரித்துச் சான்று, அதற்கு அரசின் உத்தரவாதம் என்பது அதன் திட்டம். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு காணிக்கு ஒரு சான்று எழுதும் நாளில், அதுவரை மங்கலாகக் கிடந்த எல்லா உரிமைகளும் ஏற்கப்படும் அல்லது தள்ளப்படும். கிணற்றுப் பங்கும் நடைவழியும் பிரிபடாத பதினாறில் ஒன்றும் அன்றைக்கு யாராவது வந்து சொன்னால் தப்பும், சொல்லாவிட்டால் போகும். வழக்குகள் குறைவது நிச்சயம் நன்மை. எவருடைய உரிமையை விலையாகக் கொடுத்து அவை குறைகின்றன என்று பார்க்காமல் அந்த நன்மையை மதிப்பிட முடியாது.

மௌனத்தை வைத்து எதையும் நீக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதற்குத் தடையாக இதே குடாநாட்டின் வரலாற்றில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். தேசவழமையே அதற்கெனத் தனிப்பகுதி கொண்டது. காணியைப் போலவே ஒரு மனிதரையும் பங்காளிகள் பிரித்து வைத்துக்கொண்டார்கள். 1818ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஒழுங்குவிதி எல்லா அடிமைகளையும் முறையாகப் பதியச் சொன்னது, ஒருவரைப் பலர் பங்காக வைத்திருப்பதையும் ஒழித்தது. 1837ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறித்த காலத்துக்குள் பதிவு செய்யாத எசமான் உரிமையை இழப்பார், அடிமையாக இருந்தவர் விடுதலை பெறுவார். 1844இல் அடிமைமுறை முழுவதும் ஒழிக்கப்படும் வரை இப்பதிவேடு இவ்வாறு சுருங்கிக்கொண்டே வந்தது. பதியாமல் விடுவதே இங்கு விடுதலையின் வழியாயிற்று. இதைவிட நல்ல துப்புரவை யாழ்ப்பாணத்துப் பதிவேடுகள் கண்டதில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தச் சட்டம் மௌனத்தை யாருக்கு எதிராகப் பயன்படுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். எசமானுக்கு எழுத்துத் தெரியும், கச்சேரிக்குப் போகத் தெரியும், நொத்தாரிசைத் தெரியும். பதியாமல் விட்டால் அது அவருடைய அசட்டை அல்லது அவருடைய விருப்பம். பதிவேட்டின் மறுபக்கத்தில் நின்றவருக்கு இவற்றில் எதுவுமே இல்லை. சட்டம் நிரூபிக்கும் சுமையை வலியவர் தலையில் ஏற்றியது. இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. விடுதலை பெற்றவர்களுக்கு யாரும் காணி எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களில் பலர் வேறொருவரின் தோம்பில் இருந்த நிலத்தில் குடிசை போட்டு, எந்த ஏட்டிலும் ஏறாமல் தலைமுறைகளைக் கழித்தார்கள். பதிவில் உள்ளதை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று வாதிடுவோருக்கு அந்தக் குடிசைகள் நல்ல மறுப்பு.

இந்தச் சிக்கல் காகிதத்தோடு முடிந்துவிடவில்லை. கணினியில் விண்டோஸ் இயங்குதளம் தன் அமைப்புகளையும் நிறுவிய மென்பொருள்களின் விவரங்களையும் ரெஜிஸ்ட்ரி என்ற ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் சிறிதாகத் தொடங்கி, விண்டோஸ் 95இல் முழு உருவம் பெற்றது. அதைத் துப்புரவு செய்யும் மென்பொருள்கள் பல உண்டு. எந்த வகைப் பதிவுகளைத் தேட வேண்டும், எவற்றைத் தொடக்கூடாது என்று அவற்றில் முன்கூட்டியே குறிக்கலாம். அத்தகைய மென்பொருள் பதிவேட்டை வரிவரியாக வருடிப் பார்த்து, குறிப்பிட்ட கோப்பு குறிப்பிட்ட இடத்தில் இல்லை என்றால் அந்தப் பதிவு செத்துவிட்டது என்று பட்டியலிடும். கோப்பு உண்மையில் அழிந்திருக்கலாம். அல்லது அது வெளி வட்டில் இருந்து, அந்த வட்டு அன்றைக்குச் செருகப்படாமல் இருந்திருக்கலாம். வருடிப் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே. விவரம் தெரிந்தவர்கள் இதனால்தான் சில வகைகளை விலக்கிவிட்டுத் தேடச் சொல்கிறார்கள், நீக்குமுன் நகல் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். இத்தகைய மென்பொருள்களின் பயன்பாட்டைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. ஊரில் இல்லாத உரிமையாளரும் செருகப்படாத அந்த வட்டைப் போன்றவர்தான். கூப்பிட்ட நேரத்தில் அங்கே இல்லை என்பதைத் தவிர அவரைப் பற்றி அந்தத் தேடல் எதையும் சொல்லிவிடுவதில்லை.

1990க்குப் பிறகு போரினால் யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லாமற்போனவர்களின் தொகை பெருகியது. வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டு, அவர்களின் வீடும் செம்மண் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளானார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. உறுதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் சிலர். பெட்டி வீட்டோடு போனவர்கள் பலர். இந்த நிலையில், பத்தாண்டு தடையின்றி ஒரு காணியை ஆண்டவருக்கு அதன் உரிமையைத் தரும் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் கொடிய கருவியாயிற்று. துரத்தப்பட்டவர் பத்தாண்டு பேசாமல் இருந்தார் என்று அதே துரத்தலின் பலனை இன்னொருவர் அனுபவிக்க அது வழிவிட்டது. நாடாளுமன்றம் இதைப் பிந்தியாவது உணர்ந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தம் உரிமையைக் கோர முடியாமற்போனவருக்கு எதிராக அந்த ஆண்டுகளை எண்ணக் கூடாது என்றது. பேச முடியாதவரின் மௌனம் ஒரு கணக்கல்ல என்று இலங்கைச் சட்டமே எழுத்தில் ஏற்றுக்கொண்ட இடம் இது.

அப்படி ஏற்றுக்கொண்ட அரசே ஒன்பது ஆண்டு கழித்து நேர் எதிரான திசையில் ஓர் அடி வைத்தது. 2025 மார்ச் 28ஆம் திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானியில், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடமாகாணத்தில் 5,941 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் அவை அரச காணியாகும் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு உரியது. கொமாண்டர் புளூமின் மூன்று ஞாயிற்றுக்கிழமையைவிட மூன்று மாதம் நீண்டதுதான். ஆனால் புளூமின் அறிவித்தல் கேட்க வேண்டியவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வாசிக்கப்பட்டது. இந்த அறிவித்தலைக் கேட்க வேண்டியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டு முகாமில், இன்னொருவர் ரொறொன்ரோவில், மூன்றாமவர் உறுதியைத் தொலைத்துவிட்டுப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை கிடைத்தது, அரசும் அறிவித்தலை மீளப்பெற்றது. அறிவித்தல் போனாலும் அதற்கு இடம் கொடுத்த சட்டம் அப்படியே இருக்கிறது.

யாருக்கும் உரிமை தெரியாத காணிகளை எத்தனை காலம் பற்றை மண்டவிடுவது, வீதிக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் காணியற்ற குடும்பங்களுக்கும் நிலம் வேண்டாமா என்று அரச தரப்பில் கேட்பார்கள். வேண்டும். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேண்டும், 1844இல் ஏட்டுக்கு வெளியே விடப்பட்டவர்களின் வழிவந்தோருக்கு இன்னும் அதிகமாக வேண்டும். அதற்கான நிர்ணயம் நடக்கலாம். அறிவித்தல் உரிமையாளர் வாழும் இடங்களிலும் போய்ச் சேரட்டும். காலக்கெடு மாதத்தில் அல்லாமல் ஆண்டில் இருக்கட்டும். உறுதி தொலைந்தவருக்குப் பழைய பள்ளிக்கூட இடாப்பும் வாக்காளர் இடாப்பும் அயலவர் சாட்சியமும் போதும் என்று ஏற்கட்டும். உரிமையில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பை, கச்சேரியும் நில அளவைப் படமும் கையில் வைத்திருக்கும் அரசே ஏற்கட்டும். நீக்கிய பதிவு காணிப் பதிவகத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்து, பிறகு வருகிறவர் காணியையோ ஈட்டையோ கேட்க வழி திறந்திருக்கட்டும். இவையெல்லாம் செலவு பிடிக்கும் காரியங்கள். 1837ஆம் ஆண்டுச் சட்டம் எசமான்கள் மீது ஏற்றிய சுமையும் அன்றைக்குச் செலவானதுதான்.

பதிவகங்களின் பழைய தொகுதிகளைக் கணினியில் ஏற்றும் வேலை இப்போது நாடு முழுவதும் நடந்து வருகிறது. நைந்துபோன தாள்களைக் காப்பதற்கு அது அவசியம். இடத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிப்பதற்காக நடப்பு உரிமையாளர் பெயரை மட்டும் தட்டச்சு செய்து, முந்திய உறுதிகளையும் எல்லைப் பெயர்களையும் விட்டுவிடும் யோசனை எங்காவது எழுமானால், அதற்கு எதிராக முதலில் பேச வேண்டியவர்கள் யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமாரும் நில அளவையாளர்களும்தான். எந்தப் பக்கத்தின் எந்த வரியில் எவருடைய கிணற்றுப் பங்கு கிடக்கிறது என்பதைத் தினந்தோறும் அந்தத் தொகுதிகளைப் புரட்டி அறிந்தவர்கள் அவர்கள்.